கராஜ் கதவைக் காப்பது: மட்டக்களப்பில் புதிதாக வீடு கட்டியவர்களுக்கு

ஓர் ஆடி அமாவாசை. மாமாங்கத்துத் தீர்த்தத்துக்கு வீட்டில் எல்லோருமாகப் போய்விட்டு மதியம் கல்லடிக்குத் திரும்பினோம். கராஜின் ரோலர் கதவு முழங்கால் உயரத்துக்குத் தூக்கப்பட்டிருந்தது. தண்ணீர் மோட்டரைக் காணவில்லை. அக்காவின் மகனுடைய சைக்கிளையும் காணவில்லை. குனிந்து ஆமைப்பூட்டைப் பார்த்தேன். அது பூட்டியபடியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. பூட்டைத் தாங்கிய நாதாங்கிதான் நான்கு சின்னத் திருகாணிகளோடும் கையளவு சீமெந்துப் பூச்சோடும் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, பூட்டோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் திருத்த வந்த வெல்டிங் வேலைக்காரர் அந்தத் துவாரங்களில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “ஐயா, பூட்டு நல்ல பூட்டுத்தான். சுவர்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது” என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக் கதவையும், ஆரையம்பதியிலும் களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் இருக்கும் உறவினர் வீட்டுக் கதவுகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். புது வீடு கட்டி, அழகான ரோலர் கதவும் போட்டு, இனிப் பயமில்லை என்று இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இதில் பெரும்பாலான வேலைகளுக்கு ஒரு வெல்டிங் கடையும் ஒரு மேசனும் இரண்டு நாள் நேரமும் போதும்.

வெளியே போய் நின்று கதவை இழுத்துப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கதவை வழக்கம்போல மூடுங்கள். வீட்டில் ஒருவரை உள்ளே நிற்க வைத்துவிட்டு நீங்கள் வெளியே போய், கதவின் அடிச்சட்டத்துக்குக் கீழே இரு கைகளையும் கொடுத்து மேலே தூக்குங்கள். நடுவில் தூக்குங்கள், பிறகு இரண்டு முனைகளிலும் தூக்குங்கள். எத்தனை அங்குலம் எழும்புகிறது என்று உள்ளே நிற்பவர் பார்க்கட்டும். கைக்கே இரண்டு அங்குலம் எழும்பும் கதவு, அலவாங்குக்கு எவ்வளவு எழும்பும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

அடுத்து, கதவு ஏறி இறங்கும் இரு பக்கத் தண்டவாளங்களையும் கையால் பிடித்து ஆட்டுங்கள். ஆடினாலோ, பின்னால் பூச்சு உதிர்ந்தாலோ அங்கேதான் முதல் வேலை. பிறகு கதவிலும் தண்டவாளத்திலும் வெளியே தெரியும் எல்லாத் திருகாணிகளையும் எண்ணுங்கள். வெளியே நிற்கும் ஒருவர் ஒரு ஸ்குரூ டிரைவரால் கழற்றக்கூடிய ஒவ்வொன்றும் உங்கள் கதவின் இன்னொரு திறப்பு.

இரவிலும் ஒரு முறை பாருங்கள். வீதி விளக்கின் வெளிச்சம் எங்கே விழுகிறது, மதிலின் நிழல் எங்கே விழுகிறது, அயல்வீட்டார் கண்ணுக்கு உங்கள் கராஜ் தெரிகிறதா என்பவை பகலில் புரியாது.

கதவு எதில் பிடித்திருக்கிறது?

எங்கள் பக்கத்தில் கராஜ்களைப் பெரும்பாலும் சீமெந்துக் கல்லால் கட்டுகிறோம். உள்ளீடற்ற கல்லில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, ஒன்றரை அங்குலத் திருகாணி முறுக்கினால் அது பிடித்திருப்பது கல்லின் மெல்லிய புறச்சுவரை மட்டுமே. அதன் மேல் எவ்வளவு விலையுள்ள பூட்டைத் தொங்கவிட்டாலும் பயனில்லை.

கட்டுமானம் இன்னும் முடியவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கதவின் இரு பக்கங்களிலும் கம்பி வைத்த கொங்கிறீற் தூண் எழுப்பச் சொல்லுங்கள். தண்டவாளத்தை அந்தத் தூணில் விரிந்து பிடிக்கும் அங்கர் போல்ட்டால் இறுக்குங்கள். பூச்சின் கனத்தை விட்டுக் கொங்கிறீற்றுக்குள்ளேயே குறைந்தது 2 அங்குலம் இறங்கும் நீளத்தில் போல்ட் வாங்க வேண்டும். பூச்சு முக்கால் அங்குலம் என்றால் அதையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். பலர் தவறுவது இந்தக் கணக்கில்தான்.

கட்டி முடித்த வீட்டுக்கு வேறு வழி. சுவரை ஊடறுத்துத் துளை போட்டு, நீளமான போல்ட்டை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் செலுத்தி, உட்பக்கத்தில் ஓர் இரும்புத் தகடு வைத்து நட்டால் இறுக்கலாம். தகடு உள்ளங்கை அளவாவது இருக்கட்டும். இழுவிசை ஒரே கல்லில் விழாமல் பல கற்களில் பரவும். வெளியே தெரியும் போல்ட்டின் தலை உருண்டையாக, பிடி கொடுக்காததாக இருக்க வேண்டும். ஆறு பக்கத் தலை என்றால் ஸ்பனர் போட்டுக் கழற்றிவிடுவார்கள். நட்டு உள்ளே இறுகிய பின் அதன் மேல் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடுங்கள்.

வெல்டிங் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரோலர் கதவும் தண்டவாளமும் பெரும்பாலும் நாகமுலாம் (சிங்க் முலாம்) பூசியவை. வெல்டிங் சூட்டில் அந்த முலாம் எரிந்துவிடும். எரிந்த இடத்தை அப்படியே விட்டால் அடுத்த மாரிக்குள் கறள் அங்கிருந்தே தொடங்கும். ஆறியவுடன் கம்பித் தூரிகையால் தேய்த்து, நாகத்தூள் கலந்த பூச்சு இரண்டு தடவை பூசச் சொல்லுங்கள். அந்த முலாம் எரியும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்று இரவே நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். ஆகையால் மூடிய கராஜுக்குள் அந்த வேலை நடக்கக் கூடாது, சிறுவர்களும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

கதவுக்கு மேலே சுற்றியிருக்கும் உருளையின் உள்ளே சுருள்வில் முறுக்கேறி இருக்கும். அதை மட்டும் தொடாதீர்கள். அந்த முறுக்கு விடுபட்டால் கையை முறித்துவிடும். கதவு பாரமாகத் தெரிந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ அந்த வேலை தெரிந்தவரைத்தான் அழைக்க வேண்டும்.

பூட்டு

கையால் ஏற்றி இறக்கும் கதவென்றால் நடுவில் ஒரு பூட்டு இருக்கும். அதைத் திருப்பினால் உள்ளே இரண்டு பட்டைக் கம்பிகள் இடமும் வலமும் ஓடித் தண்டவாளத் துளைகளில் நுழையும். அந்தக் கம்பிகள் முழுமையாக நுழைகின்றனவா என்று பூட்டிய பின் உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு நகக்கண் அளவு மட்டும் நுழைந்து நிற்கும் கதவுகளை நான் பார்த்திருக்கிறேன். கம்பியை ஓர் அங்குலம் நீட்டினால் அந்தக் குறை தீரும்.

நடுப்பூட்டு ஒன்றை மட்டும் நம்பாமல், அடிச்சட்டத்தின் இரு முனைகளிலும் உட்புறமாகத் தாழ்ப்பாள் போடுங்கள். உள்ளிருந்து வீட்டுக்குள் போக வேறு கதவு இருப்பவர்களுக்கு இதுவே மிகச் சிறந்தது: வெளியே பூட்டும் தெரியாது, நாதாங்கியும் தெரியாது. வெளியிலிருந்துதான் பூட்ட வேண்டும் என்றால் ஆமைப்பூட்டின் வளைவுக் கம்பி 10 மில்லிமீற்றருக்குக் குறையாமல், கடினமாக்கிய உருக்கில் இருக்கட்டும். பூட்டு உடலின் தோள்கள் உயர்ந்து அந்தக் கம்பியை மூடி நிற்கும் வகை இன்னும் நல்லது. கம்பி வெட்டும் பெரிய கத்தரியின் வாய் நுழைய இடம் இருக்காது. நாதாங்கி பூட்டைவிட மெலிந்ததாக இருக்கக் கூடாது. பூட்டியபின் அதன் திருகாணிகள் எல்லாம் மறைய வேண்டும்.

நிலத்தில் வளையம் பதித்துப் பூட்டுவதும் பலமான முறை. ஆனால் கல்லடி, நாவற்குடா போன்ற இடங்களில் தரைக்குக் கீழே வெறும் மணல். மூன்று அங்குலத் தரையில் பதித்த வளையம் ஆட்ட ஆட்டக் கழன்று வந்துவிடும். ஓர் அடி ஆழக் குழி தோண்டி, வளையத்தின் அடியில் குறுக்குக் கம்பி வெல்டிங் செய்து, கொங்கிறீற் நிரப்பி, ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி இறுக விடுங்கள். தாழ்ப்பாள் கம்பி இறங்கும் குழாயானால் அதன் அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். இல்லாவிட்டால் மாரித் தண்ணீரும் மணலும் நிறைந்து கம்பி இறங்காது. அரைகுறையாக இறங்கிய தாழ்ப்பாள் பூட்டியதுபோலவே தோன்றும்.

மோட்டரும் ரிமோட்டும்

இப்போது கட்டும் வீடுகளில் கதவுக்கு மோட்டர் பொருத்துகிறார்கள். வசதிதான். ஆனால் மோட்டர் பொருத்தும்போது நடுப்பூட்டின் கம்பிகளைக் கழற்றி விடுவது வழக்கம். பூட்டியிருக்கும்போது யாராவது ரிமோட்டை அழுத்தினால் கதவு வளைந்துவிடும் என்பதே காரணம். அப்போது கதவைப் பிடித்து வைத்திருப்பது மோட்டரின் பிரேக் மட்டுமே. அது சுழலும் உருளையை நிறுத்துகிறது. அடிச்சட்டத்தை நிலத்தோடு பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. மேலே சொன்ன தூக்கிப் பார்க்கும் சோதனையை மோட்டர் கதவுக்குக் கட்டாயம் செய்யுங்கள் என்பது இதற்காகத்தான்.

நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. உட்புறத் தாழ்ப்பாள்கள் இரண்டும், அவற்றுக்குப் பக்கத்திலேயே மோட்டருக்கான மின் சுவிட்சும். இரவு படுக்கப் போகும்போது முதலில் சுவிட்சை நிறுத்துகிறேன், பிறகு தாழ்ப்பாள் போடுகிறேன். காலையில் முதலில் தாழ்ப்பாள், பிறகு சுவிட்ச். இந்த ஒழுங்கு வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டால் கதவும் வளையாது, நள்ளிரவில் யார் எந்த ரிமோட்டை அழுத்தினாலும் கதவும் அசையாது. தாழ்ப்பாள் போட்டிருக்கும்போது மோட்டருக்கு மின்சாரம் தானாகவே நின்றுபோகும் சிறு சுவிட்சையும் பொருத்தலாம். மின் வேலை செய்பவரிடம் சொன்னால் செய்து தருவார்.

ரிமோட்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே இரகசிய எண்ணை அனுப்புவது. மற்றது, ஒவ்வோர் அழுத்தலுக்கும் புதிய எண்ணை அனுப்புவது. ஒருமுறை பயன்பட்ட எண்ணை மோட்டர் மறுபடி ஏற்காது. முதல் சாதி ரிமோட்டின் அலையை ஒருவர் பக்கத்தில் நின்று பிடித்துவிட்டால் பிறகு அதையே திருப்பி அனுப்பிக் கதவைத் திறக்கலாம். மிகப் பழைய ரிமோட்டுகளில் உள்ளே சின்னச் சின்னச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். எட்டுச் சுவிட்சு என்றால் மொத்தமே 256 எண்கள், பன்னிரண்டு என்றாலும் 4096 தான். கருவி ஒன்று அவற்றை வரிசையாக அனுப்பித் தீர்த்துவிட அதிக நேரம் எடுக்காது.

உங்களுடையது எந்தச் சாதி என்று எப்படி அறிவது? திறப்பு வெட்டும் கடையில் ரிமோட்டைக் கொடுத்து, “இதேபோல இன்னொன்று வேண்டும்” என்று கேளுங்கள். உங்கள் வீட்டு மோட்டரைத் தொடாமல், கடையிலேயே ஒரு வெற்று ரிமோட்டில் இரண்டு நிமிடத்தில் பிரதி எடுத்துக் கொடுத்தால், அது ஒரே எண் சாதி. உங்களுக்குக் கிடைத்த அந்தப் பிரதி, ரிமோட்டை ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்த எவருக்கும் கிடைத்திருக்கலாம். அப்படியானால் மோட்டரை முழுதாக மாற்றத் தேவையில்லை. எண் மாறும் சாதியைச் சேர்ந்த அலைவாங்கிப் பெட்டியையும் அதற்குரிய ரிமோட்டுகளையும் தனியே வாங்கிப் பெரும்பாலான மோட்டர்களில் இணைக்கலாம். பொருத்தியபின் பழைய அலைவாங்கியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். இரண்டும் இருந்தால் பழைய வழியும் திறந்தே இருக்கும்.

புது வீட்டுக்காரர் எல்லோரும் செய்ய வேண்டிய இன்னொன்று: வேலை முடிந்து எல்லோரும் போன பின், மோட்டரில் பதிந்திருக்கும் ரிமோட்டுகள் அனைத்தையும் அழித்துவிட்டு, உங்கள் கையில் இருப்பவற்றை மட்டும் மறுபடி பதியுங்கள். அலைவாங்கியில் அதற்கென ஒரு பொத்தான் இருக்கும். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது கூடவே வரும் கையேட்டில் எழுதியிருக்கும். கட்டுமானக் காலத்தில் எத்தனை பேர் கையில் ரிமோட் இருந்தது என்பது உங்களுக்கே தெரியாது. வாடகைக்கு வீடு எடுத்தவர்களும் முதல் நாளே இதைச் செய்ய வேண்டும். யாரையும் திருடர் என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. தொலைந்துபோன ஒரு ரிமோட் யார் கையிலும் சேரலாம்.

வெளிச்சுவரில் கதவு திறக்கும் பொத்தான் பொருத்தியிருந்தால் அதை அகற்றிவிடுங்கள். அந்தப் பொத்தான் செய்யும் வேலை இரண்டு வயர்களை ஒன்றோடொன்று தொடவைப்பதே. மூடியைக் கழற்றி வயர் இரண்டையும் தொட்டால் கதவு திறக்கும். எண்களை அழுத்தித் திறக்கும் பலகை வெளியே வேண்டுமென்றால், எண்ணைச் சரிபார்த்துக் கட்டளை கொடுக்கும் பகுதி கராஜுக்கு உள்ளே இருக்கும் வகையை வாங்குங்கள்.

மின்வெட்டு நேரத்தில் மோட்டரை விடுவிக்கும் ஒரு கயிறோ கம்பியோ இருக்கும். அதை இழுத்தால் கதவைக் கையால் தூக்கலாம். அது மேல் இடைவெளியிலிருந்தோ காற்றுக் கல்லின் துவாரத்திலிருந்தோ ஒரு வளைந்த கம்பிக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினால் கயிற்றைக் கட்டையாக்குங்கள் அல்லது இடைவெளியைத் தகடு வைத்து மறையுங்கள். ஆனால் கயிற்றை முற்றாகக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே யாராவது இருக்கும்போது மின்சாரம் நின்றால் வெளியே வர அதுவே வழி. வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளையும் பாட்டியும் அதை ஒருமுறையாவது இழுத்துப் பழகியிருக்க வேண்டும். கதவுக்குக் கீழே ஏதாவது குறுக்கிட்டால் மோட்டர் நின்று திரும்பும் ஒளிக்கண்ணும் அவசியம். சிறுபிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் அதைப் பின்னுக்குத் தள்ளவே கூடாது.

கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு

இதை அறைக் கதவுபோல நினைத்து, மெல்லிய பலகையும் ஒரு சின்னத் தாழ்ப்பாளும் போட்டு விடுகிறோம். ரோலர் கதவைக் கடந்து உள்ளே வந்தவர் அதை மறுபடி இறக்கிவிட்டால், வீதியில் போகும் எவருக்கும் தெரியாமல் ஆறுதலாக இந்தக் கதவை உடைக்கலாம். அதற்கு வேண்டிய அலவாங்கும் ஏணியும் சுத்தியலும் நாம் கராஜிலேயே வைத்திருப்போம். முன் வாசலுக்குப் போடும் அதே தரத்துக் கதவும் பூட்டும் இங்கேயும் வேண்டும். அலவாங்கை வீட்டுக்குள் ஒரு மூலையில் வையுங்கள். ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

கூரையையும் மறக்க வேண்டாம். கராஜ்களுக்குப் பெரும்பாலும் தகரமோ சீற்றோ போட்டு, வெளியிலிருந்து கொக்கி ஆணியால் இறுக்குகிறோம். மதிலில் ஏறி, நட்டைக் கழற்றி, ஒரு சீற்றைத் தூக்கினால் உள்ளே இறங்கலாம். மதிலோரமுள்ள சீற்றுகளின் கீழே, தலை நுழையும் அளவு இடைவெளி விடாமல் கம்பிச் சட்டம் பொருத்தினால் அந்த வழி அடைபடும்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக: ஆள் நடமாடினால் எரியும் மின்குமிழ் நல்லது. அதன் கண், நேரே வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை விரைவாகக் கண்டுகொள்ளும். ஆகவே வாசலை நோக்கி வைக்காமல் பாதைக்குக் குறுக்காக, ஏழெட்டு அடி உயரத்தில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆடும் வாழையிலைக்கும் சூடேறிய தகரத்துக்கும் அது எரிந்துகொண்டே இருக்கும். அப்படி எரிந்தால் நாலு நாளில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். கண்ணின் பார்வைக்குள் மரக்கிளை வராமல் வெட்டிவிடுங்கள். கமரா பொருத்துபவர்கள், அது முகத்தைப் பிடிக்கும் உயரத்தில் இருக்கிறதா, மின்வெட்டின்போது அதற்கும் இணையப் பெட்டிக்கும் பற்றறி உண்டா என்பதைப் பாருங்கள். அயல்வீட்டு முற்றம் அதில் விழக் கூடாது.

உப்புக் காற்று

நான் மேலே சொன்ன அனைத்தையும் மூன்று வருடத்தில் பயனற்றதாக்கக்கூடியது எங்கள் கடல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் பத்து வருடம் உழைக்கும் கதவுக்கும் இங்கே கடற்கரையோரத்தில் நிற்கும் கதவுக்கும் ஒரே பராமரிப்புப் போதாது. கறள் முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத அடிச்சட்டத்தின் கீழ்ப்பக்கத்தையும் தண்டவாளத்தின் அடி முனையையும். அலவாங்கு வைக்கும் இடமும் அதுவே.

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கதவின் வெளிப்பக்கத்தைக் கழுவுங்கள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் குழாய்த் தண்ணீர் எடுங்கள். கூரையின் நிழலில் இருக்கும் மேற்பகுதியில் மழை படாததால் உப்பு அங்கேதான் கூடுதலாகப் படியும். தண்டவாளத்துக்குள் தேங்காய் எண்ணெயோ பழைய என்ஜின் எண்ணெயோ விடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். மணல் அதில் ஒட்டி, அரத்தூள்போல உராய்ந்து முலாமைத் தின்றுவிடும். தண்டவாளத்துக்குச் சிலிக்கன் தெளிப்பான், பூட்டின் திறப்புத் துவாரத்துக்குக் கிராபைற் தூள். ஆமைப்பூட்டைப் பித்தளை உடலில் வாங்குங்கள். துருப்பிடிக்காத உருக்கில் போல்ட் வாங்குவதானால் 316 என்று எண்ணிட்டது 304ஐவிட உப்பைத் தாங்கும். ஆனால் அந்த போல்ட்டை நாகமுலாம் பூசிய தகட்டில் நேரடியாக இறுக்கினால், உப்பு ஈரத்தில் தகட்டின் முலாம் விரைவாகக் கரையும். இடையில் நைலோன் வளையம் ஒன்று வைத்தால் அது குறையும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் நாட்கள்

கொக்கட்டிச்சோலைத் தேருக்கோ, உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்தோ போகும் நாட்களில் ஊரில் பாதி வீடுகள் வெறுமையாக இருக்கும். அந்த நாட்களில் மோட்டரின் சுவிட்சை நிறுத்துங்கள், தாழ்ப்பாள் இரண்டையும் போடுங்கள், ரிமோட்டை வாகனத்துக்குள் விட்டுவைக்காதீர்கள். பயணம் போவதைப் படத்தோடு ஊருக்கெல்லாம் அறிவிப்பதைத் திரும்பி வந்தபின் செய்யலாம். பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவருக்கு உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். சந்தேகமாக எதையாவது கண்டால் அவர் 119க்கு அழைக்கட்டும். தனியாகப் போய்ப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். மோட்டார் சைக்கிள், தண்ணீர் மோட்டர், ஜெனரேட்டர் ஆகியவற்றின் இலக்கங்களைப் படமெடுத்து வைத்தால், முறைப்பாடு கொடுக்கும் நாளில் தடுமாற வேண்டியிருக்காது. எங்கள் தண்ணீர் மோட்டரின் இலக்கம் எங்களிடம் இருக்கவில்லை.

வெள்ளத்துக்காக வீட்டை விட்டு வெளியேறுவது வேறு விதம். 2011 ஜனவரி வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. மோட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சுவிட்சும் குறைந்தது நெஞ்சளவு உயரத்தில் இருக்கட்டும். கராஜுக்குப் போகும் மின்சாரத்துக்குத் தனி ட்ரிப் சுவிட்ச் இருக்கட்டும். தண்ணீர் ஏறத் தொடங்கினால் வாகனத்தை மேட்டுக்கு எடுத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, கையால் கதவை இறக்கித் தாழ்ப்பாள் போடுங்கள். வெள்ளம் வற்றித் திரும்பியதும், தண்டவாளத்தின் அடியில் தேங்கிய சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, முழுதாகக் காய்ந்தபின் மின் வேலை தெரிந்தவர் பார்த்துவிட்டே மோட்டருக்கு மின்சாரம் கொடுங்கள். ஜெனரேட்டர் போடுவதானால் கராஜுக்கு வெளியே போடுங்கள். பூட்டிய கராஜுக்குள் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயு மணமே தெரியாமல் ஆளைக் கொல்லும்.

ஐப்பசியில் மழை இறங்குவதற்கு முன் ஒரு நாளும், மாரி ஓய்ந்தபின் ஒரு நாளும் ஒதுக்கி, மறுபடி வெளியே போய் அடிச்சட்டத்துக்குக் கீழே கைகளைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள்.